கீழறை வாசலில் தண்ணீர் கசிகிறதா?

சரிவில் கட்டிய வீட்டின் கீழறை வெளிவாசலில் கசிவு என்றால் சீமெந்து வாங்க ஓடாதீர்கள். மழையில்லாத நாளில் ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாக நனைத்துப் பாருங்கள்: முதலில் வாசலோரக் கானை (வடிகாலை) நிரப்புங்கள், 10 நிமிடம் கழித்து வாசற்படி மூட்டு, அப்புறம் நிலையின் பக்கங்கள், கடைசியாக மேற்பகுதி. மேலே தொடங்கினால் தண்ணீர் வழிந்து எல்லாமே நனைந்துவிடும். கீழே தொடங்கினால், எந்த இடத்தை நனைக்கும்போது உள்ளே ஈரம் தெரிகிறதோ அங்கேதான் ஓட்டை. பல வீடுகளில் சவுக்குச் சருகு அடைத்த கான்தான் குற்றவாளி, அதற்குச் செலவே இல்லை.

மழை விட்டுப் பல நாளாகியும் சுவர் கசிந்தால் இது உதவாது. அது பெரும்பாலும் மலைப்பக்க ஊற்று. மேற்புறம்தான் கான் வெட்ட வேண்டும். கூடவே புது வெடிப்பும் சேற்றுத் தண்ணீரும் தெரிந்தால் கசிவை விடுங்கள், வீட்டை விட்டு வெளியேறி 117க்கு (இலங்கை அனர்த்த முகாமைத்துவ நிலையம்) அழையுங்கள்.