காத்து எந்தப் பக்கம்? மொட்டை மாடியில புள்ளைங்களுக்கு வானிலை சொல்லிக் குடுக்கற முறை

கடையில விக்கிற வானிலை சார்ட்டை மட்டும் வாங்கிடாதீங்க. அதுல பாதிப் படம் ஐஸ் பொம்மையும் ஸ்வெட்டரும்தான், கடலூர் மஞ்சக்குப்பத்துல வளர்ற புள்ளைக்கு அதை வெச்சு என்னத்த சொல்லிக் குடுக்கறது. நமக்கு கடல் பக்கத்துலயே கிடக்கு, காத்து ஒரே நாள்ல திசை மாறுது, அங்கேர்ந்தே ஆரம்பிக்கலாம். எங்க வீட்டு யூகேஜி வாலுக்கு இப்படித்தான் ஏறுச்சு.

வேண்டியது: மூங்கில் குச்சி, மணல் போட்ட பூந்தொட்டி, பழைய சாவி வளையம், ரப்பர் பேண்ட் ரெண்டு, ஒரு முழத்துக்கு ரிப்பன். சாட்டின் ரிப்பன் கனம், லேசான காத்துக்கு அசையாது. கிரேப் பேப்பர் நம்ம ஊரு ஈரக்காத்துல சொதசொதன்னு தொங்கிடும். என் ஓட்டு பழைய நைலான் சேலையில கிழிச்ச துண்டுக்குத்தான்.

ஸ்டெப் 1: ரிப்பனை நேரா குச்சியில கட்டாதீங்க, சுத்திக்கும். வளையத்துல கட்டி, வளையத்தைக் குச்சியில மாட்டி, மேலயும் கீழயும் ரப்பர் பேண்டை இறுக்கி சுத்திடுங்க, வளையம் லூசா சுத்தணும்.

ஸ்டெப் 2: தொட்டியைச் சுத்தி சாக்பீஸ்ல நாலு பக்கம் எழுதுங்க. கிழக்குக்கு கடல், மேற்குக்கு பண்ருட்டி, வடக்குக்கு பாண்டிச்சேரி, தெற்குக்கு சிதம்பரம். சின்னதுங்களுக்கு திசைப் பேரை விட ஊர்ப் பேரு சட்டுனு ஏறும்.

ஸ்டெப் 3, இங்கதான் பெரியவங்களே தடுமாறுவாங்க. ரிப்பன் பண்ருட்டிப் பக்கம் பறந்தா புள்ளை "பண்ருட்டி காத்து"ன்னு கத்தும். ஆனா அது கடல்லேர்ந்து வர்ற காத்து, காத்துக்கு எப்பவும் அது கிளம்பற பக்கத்தை வெச்சுத்தான் பேரு. எத்தனை தடவை சொன்னாலும் மறுநாள் மறந்துடுவாங்க, அதனால ரிப்பனை விட்டுட்டு புள்ளையைத் திருப்புங்க. கண்ணை மூடிக்கிட்டு மெதுவா சுத்தச் சொல்லி, மூஞ்சில காத்து பட்டு, ரெண்டு காதுலயும் ஒரே மாதிரி காத்து சத்தம் கேக்கும்போது நிக்கச் சொல்லுங்க, மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கோ அங்கேர்ந்துதான் காத்து வருது. சிதம்பரத்துலேர்ந்து வந்தா சிதம்பரத்து மாமா, அடுத்து எங்க போறார்னா நாம பேரு வெக்கிறோம்? அப்படிச் சொன்னப்போ எங்க வாலுக்கு டக்குனு புரிஞ்சுது.

இப்ப வார்த்தைங்க. கடல் பக்கம் கொண்டல், பாண்டிச்சேரி பக்கம் வாடை, சிதம்பரம் பக்கம் தென்றல், பண்ருட்டி பக்கம் கோடை. மேல்காத்துன்னாலும் சரிதான். ஒரே நாள்ல நாலையும் திணிக்காதீங்க, எது அடிக்குதோ அன்னிக்கு அது மட்டும்.

ஸ்டெப் 4, ஏன் அடிக்குது. ஒரே அளவு சில்வர் கிண்ணம் ரெண்டு, ஒண்ணுல மணல், ஒண்ணுல தண்ணி, உச்சி வெயில்ல கொஞ்ச நேரம் வெச்சுட்டு விரலை வெக்கச் சொல்லுங்க (முதல்ல நீங்க தொட்டுப் பாத்துடுங்க). மணல் சுடும், தண்ணி அவ்வளவா சுடாது. தரையும் அப்படித்தான் சீக்கிரம் சூடாகுது, அதுமேல இருக்கற காத்து சூடாகி மேல கிளம்புது, அந்த எடத்துக்கு கடல் மேல இருக்கற குளிர்ந்த காத்து உள்ள வருது, அதான் கடக்காத்து. ராத்திரி தரை சீக்கிரம் ஆறிடும், அப்ப காத்து தரையிலேர்ந்து கடலுக்குப் போகும். இதைப் பாக்க மார்ச்லேர்ந்து மே வரைக்கும் நல்ல நேரம். மழைக்காலத்துல வடகிழக்குக் காத்து பகல் ராத்திரின்னு பாக்காம அடிக்கும், இந்த மாத்தம் தெரியாது.

அப்டேட்: போன் காம்பஸ் தப்பா காட்டுதுன்னு கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. இரும்புக் கைப்பிடி, தண்ணி டேங்க் ஸ்டாண்டு பக்கத்துல வெச்சா அப்படித்தான், தள்ளி வந்து பாருங்க. சுத்தி உயரமான பில்டிங் இருந்தா ரிப்பன் நாலாப்பக்கமும் ஆடும், அந்த வீட்டுக்காரங்க தேவனாம்பட்டினம் பீச்சுக்கே குச்சியைத் தூக்கிட்டுப் போயிடுங்க.

இன்னொருத்தர் புயல் பத்தி கேட்டிருந்தார். நம்ம பக்கத்துப் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில சுத்தும், அதனால அது கிழக்கே கடல்ல நிக்கும்போது நமக்கு வடக்குலேர்ந்து அடிக்கும். புயலோட கண்ணு தலைக்கு மேல வந்தா கொஞ்ச நேரம் காத்தே இருக்காது, அப்புறம் எதிர்ப்பக்கத்துலேர்ந்து அடிக்கும். 2011 டிசம்பர் 30ல கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்த 'தானே' புயல் பத்தி வீட்டுப் பெரியவங்ககிட்ட புள்ளைங்களையே கேக்க விடுங்க, முதல்ல எந்தப் பக்கம், அப்புறம் எந்தப் பக்கம்னு. ஆனா துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்திட்டாங்கன்னா தொட்டியை உள்ள எடுத்து வெச்சிடணும், மாடிக்கு யாரும் போகக் கூடாது.