குழந்தை செய்த மாவுப் பொம்மை ஏன் உடைகிறது?

நான்கு வயதுக் குழந்தை செய்த யானையின் தும்பிக்கை மறுநாள் தனியே விழுந்து கிடந்தால், அதற்குக் குழந்தையின் கை காரணமல்ல. பெரும்பாலும் நாம் எடுத்துக் கொடுத்த மாவுதான் காரணம்.

எண்ணெய் கலந்த செயற்கைக் களிமண்ணான பிளாஸ்டிசின் எத்தனை நாள் ஆனாலும் இறுகாது, ஓவனில் வைத்தால் உருகிவிடும். டப்பாவில் வரும் விளையாட்டு மாவு காயும்போது சுருங்கி வெடிக்கும். கலைத்துக் கலைத்து விளையாட இவை போதும். எடுத்து வைக்க வேண்டிய உருவத்துக்கு உப்பு மாவுதான் சரி: மைதா 2 கப், பொடி உப்பு 1 கப், தண்ணீர் முக்கால் கப் முதல் 1 கப் வரை. கல் உப்பு கரையாமல் நறநறக்கும். தண்ணீரை மொத்தமாக ஊற்றாமல் சிறிது சிறிதாகச் சேர்த்து, 8 முதல் 10 நிமிடம் பிசையுங்கள். கையில் ஒட்டினால் ஒரு ஸ்பூன் மைதா சேர்க்கலாம். உருட்டும்போது ஓரம் வெடித்தால் விரலை நனைத்துப் பிசைந்தாலே சரியாகும்.

அதிகம் உடைவது இணைப்பில்தான். தலையை உடம்பின் மேல் வைத்து அழுத்தினால் அப்போதைக்கு நிற்கும், காய்ந்ததும் கழன்றுவிடும். இரண்டு பரப்பையும் முள்கரண்டியால் கீறி, அதே மாவைத் தண்ணீரில் கூழாகக் கரைத்துத் தடவி, அழுத்தி ஒட்டி, இணைந்த கோட்டை விரலால் நீவி மறைக்க வேண்டும். மெலிந்த கால்கள் உடம்பைத் தாங்கா. கால்களைக் குட்டையாகவும் பருமனாகவும் உருட்டச் சொல்லலாம், படுத்திருக்கும் மிருகமாகவே செய்யச் சொல்வது இன்னும் எளிது. தாங்கலுக்குச் செருகும் பல்குச்சி, கண்ணுக்கு ஒட்டும் மணி போன்றவை மூன்று வயதுக்குக் குறைந்தவர்கள் கையில் வேண்டவே வேண்டாம்.

திரண்ட மாவு உருண்டையில் வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். அந்த இழுபறியில்தான் விரிசல் விழுகிறது. அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி, அதன் மேல் 1 செ.மீ. கனத்துக்கு மாவைப் போர்த்தினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். ஓவனில் 100 டிகிரி செல்சியஸில் 2 முதல் 3 மணி நேரம் வையுங்கள், பாதியில் ஒருமுறை திருப்புங்கள். சூட்டைக் கூட்டினால் சீக்கிரம் காயாது, உப்பிக் கொப்புளிக்கும். காற்றில் காய வைத்தால் குறைந்தது 2, 3 நாள் ஆகும். அடிப்பக்கம் தொடச் சில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் போகவில்லை. அந்த நிலையில் வண்ணம் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூசணம் பிடிக்கும். உப்பு காற்றின் ஈரத்தையும் இழுக்கும் என்பதால், கடைசியில் அடிப்பக்கம் உட்பட எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடிப்பது பெரியவர் வேலை.

வேகாத மாவு வாய்க்குப் போகக் கூடாது. நாய் தின்றால் அதிலுள்ள உப்பு உயிருக்கே ஆபத்து, எட்டாத உயரத்தில் வையுங்கள்.

எனினும் பெரிய தவறு, நாம் திருத்துவது. ஐந்து கால் நாய்க்கு ஐந்து காலும் இருக்கட்டும், கிள்ளி எடுத்தால் குழந்தை யோசித்ததையும் சேர்த்து எடுத்துவிடுகிறோம். அச்சுகளை ஒதுக்கிவிட்டு இரண்டே நிறத்தில் மாவு கொடுங்கள். எல்லா நிறமும் மேசையில் இருந்தால் கடைசியில் ஒரே பழுப்பு உருண்டைதான் மிஞ்சும். குழந்தை தன் பொம்மைக்குச் சொன்ன பெயரையும் தேதியையும் மாவு ஈரமாக இருக்கும்போதே அடியில் கீறி வையுங்கள். காய்ந்த பிறகு கீறினால் பெயர்ந்துவிடும்.