ஆண்டு போடாத பிரூட் ஷாம்பெயினைச் சுவைத்து எடைபோடுவது எப்படி?

பிரூட் என்றால் இனிப்பு குறைந்த ஷாம்பெயின். பாட்டிலில் திராட்சை அறுவடை ஆண்டு அச்சிடவில்லை என்பதால் மட்டமான சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். வடகிழக்குப் பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் குளிர் அதிகம், திராட்சை ஒரு வருடம் போல் மறுவருடம் பழுக்காது. அதனால் புது ஒயினோடு முந்தைய ஆண்டுகளில் சேமித்த ஒயினையும் கலக்கிறார்கள். அந்தக் கலவை இசைந்து வந்திருக்கிறதா என்றுதான் நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் குளிர். வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் போட்டு அரை மணி நேரம் வையுங்கள். 8 முதல் 10 டிகிரி போதும். அதற்கும் கீழே போனால் மணம் எழும்பாது.

அடுத்தது கோப்பை. நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். நல்ல பாட்டில் ஒன்றை ஊற்றியதும் நுரை சட்டென்று அடங்கிவிட்டது. ஒயின் கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டினேன். பிறகு வேறொரு கோப்பையை வெந்நீரில் மட்டும் அலசி, பழைய வேட்டித் துணியால் துடைத்து, அதே பாட்டிலிலிருந்து ஊற்றினேன். அடியிலிருந்து ஊசி முனை அளவுக் குமிழிகள் நூல் பிடித்தாற்போல மேலே வந்தன. பாத்திரம் கழுவும் சோப்பின் படலம் நுரையைக் கொன்றுவிடும். துணி விட்டுச்செல்லும் நுண்ணிய இழைகளில்தான் குமிழிகள் பிறக்கின்றன. ஆகவே குமிழியை எண்ணி ஒயினுக்கு மதிப்பெண் போடாதீர்கள். ஒல்லியான நீளக் கோப்பையும் வேண்டாம், அதில் மூக்குக்கு இடமே இல்லை. வயிறு அகன்று வாய் குறுகிய சாதாரண வெள்ளை ஒயின் கோப்பையே என் தேர்வு.

திறக்கும்போது கட்டைவிரல் கார்க்கை விட்டு விலகக் கூடாது. உள்ளே 5, 6 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள்.

சரி, முகர்ந்து பாருங்கள். பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல் முதலில் வரும். அப்புறம் காலையில் பேக்கரி வாசலில் அடிக்குமே, அந்த ரொட்டி வாசனையைத் தேடுங்கள். இந்த வகை ஷாம்பெயின் பாட்டிலில் குறைந்தது 15 மாதம் இருக்க வேண்டும், அதில் 12 மாதம் ஈஸ்ட் வண்டலோடு. அந்த வண்டல் தந்த மணம் அது. நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால் கார்க்கில் கோளாறு.

முதல் வாய் நாக்கைப் பழக்க. இரண்டாவது வாயை நிறுத்திச் சுவையுங்கள். எச்சில் ஊறும் அளவு புளிப்பு வேண்டும், ஆனால் பல் கூசக் கூடாது. நுரை சோடா போலக் குத்தாமல் மெத்தென்று கரைய வேண்டும். விழுங்கிய பின் மனசுக்குள் எண்ணுங்கள். பத்து எண்ணும்வரை சுவை நின்றால் எனக்கு அது நல்ல ஒயின்.

பின்சேர்க்கை: ‘எக்ஸ்ட்ரா ட்ரை வாங்கினேன், இனிக்கிறதே’ என்று பின்னூட்டத்தில் இருவர் கேட்டிருந்தார்கள். ஒயினில் ‘ட்ரை’ என்றால் இனிப்பில்லாதது என்று பொருள், ஆனால் இங்கே பெயர் குழப்பும். பிரூட்டில் லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரை, எக்ஸ்ட்ரா ட்ரையில் 12 முதல் 17 வரை. இனிப்பு குறைவாக வேண்டுமென்றால் ‘எக்ஸ்ட்ரா பிரூட்’ என்று கேட்டு வாங்குங்கள், அது 6 கிராமைத் தாண்டாது.