வளைவுக் கண்ணாடியில் பஸ் சின்னதாகத் தெரிகிறதா?

கல்லாறு தாண்டி குன்னூருக்கு ஏறும்போது வளைவுகளில் ஆங்காங்கே வட்டக் கண்ணாடி நிற்கும். அது குவி ஆடி, நம்மை நோக்கிப் புடைத்திருக்கும். ஒளியை விரித்து அனுப்புவதால் திருப்பத்துக்கு அந்தப் பக்கச் சாலையும் தெரிந்துவிடும். ஆனால் உருவம் சிறுத்துப்போகும். பஸ் தீப்பெட்டி அளவில் தெரிகிறதே, தூரத்தில்தான் வருகிறது என்று வண்டியை விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் வந்திருக்கும்! ஏதாவது அசைந்தாலே வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, இடது ஓரமாகத் திரும்புங்கள்.

காரிலேயே இதைச் சோதிக்கலாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் சமதள ஆடி. பின்னால் வரும் லாரியை உள்ள தூரத்திலேயே காட்டும். பக்கக் கண்ணாடி பெரும்பாலும் குவி ஆடி; அதில் அதே லாரி தள்ளிப்போனது போலிருக்கும். தூரத்தை உள்கண்ணாடியில் கணியுங்கள். ஓரமாக வரும் பைக்கைப் பக்கக் கண்ணாடியில் தேடுங்கள்.

மேகம் இறங்கிவிட்டால் வளைவுக் கண்ணாடியில் நீர் பூத்து வெறும் வெள்ளையாகத்தான் இருக்கும். எதிரே வண்டி இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டிம் லைட்டில், கீழ் கியரில், ஹாரன் அடித்தபடி மெதுவாக ஏறுங்கள்.