இங்கிலாந்துக் கிராமத்து வசந்தம்: கேமராவோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாத முதல் திங்கள் விடுமுறையைக் குறித்து வைத்துக்கொண்டு அன்று மட்டும் கிராமத்துக்குப் போவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. அதற்குள் பாதி வசந்தம் கடந்துவிட்டிருக்கும். ஸ்னோட்ராப் பூக்கள் பிப்ரவரியோடு சரி. பிளாக்தார்ன் முள்மரத்தின் வெள்ளைப் பூக்கள் பெரும்பாலும் ஏப்ரல் நடுவிலேயே உதிரத் தொடங்கும். காட்டுத் தரையில் நீல விரிப்பாகப் பூக்கும் புளூபெல் தென் இங்கிலாந்தில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடு வரை. வடக்கே போகப் போக இன்னும் தாமதம். குளிர் நீடித்த ஆண்டில் எல்லாமே தள்ளிப்போகும்.

பத்து ஊர் சுற்றுவதைவிட ஒரே ஊரில் மூன்று நான்கு கிலோமீட்டர் சுற்றுப்பாதை ஒன்றைத் தேர்ந்துகொண்டு, மார்ச் முதல் மே முடிய வாரம் ஒருமுறை நடப்பது மேல். அந்தப் பாதையில் தேவாலயக் கல்லறைத் தோட்டம், பழைய காடு, உயிர்வேலி, ஓடை நான்கும் இருந்தால் போதும். பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் பொது நடைபாதைகள் பச்சைக் கோடுகளாக இருக்கும்; வழியில் மஞ்சள் அம்புக்குறி நடப்பவர்களுக்கானது, நீல அம்புக்குறி குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. ஒவ்வொரு முறையும் முதல் பூ, முதல் பறவைக் குரல், தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்ற இயற்கை ஆர்வலர் 1736இல் இப்படித்தான் தொடங்கினார். வசந்தத்தின் அறிகுறிகள் என்று அவர் குறித்துவந்த 27 விஷயங்களை அவருக்குப் பின் அவர் குடும்பம் இருபதாம் நூற்றாண்டு வரை பதிவு செய்தது. அடுத்த ஆண்டு எந்த வாரம் போகலாம் என்பதை உங்கள் குறிப்பேடே சொல்லும்.

அடுத்தது நேரம். 'விடியல் ஒளிதான் நல்ல ஒளி' என்ற விதியை எல்லாவற்றுக்கும் பொருத்துவது தவறு. வெள்ளை நிற வுட் அனிமோனியும் மஞ்சள் நிற லெஸ்ஸர் செலண்டைனும் வெயில் பட்டால்தான் விரியும். மேகம் மூடினாலும் மாலையானாலும் குவிந்துகொள்ளும். விடியலில் போனால் தலை கவிழ்ந்த மொட்டுகள்தான் கிடைக்கும். இவற்றுக்கு முற்பகல் பதினொன்றிலிருந்து பிற்பகல் இரண்டு வரை சரியான நேரம். பறவைகளுக்கு நேர்மாறு: மே தொடக்கத்தில் லண்டன் பக்கம் சூரியன் ஐந்தரை மணி வாக்கில் உதிக்கிறது, ராபினும் கரும்பறவையும் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே பாடத் தொடங்கிவிடும். நாலரைக்கு அங்கே இருக்க வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்கிறது. கைபேசி தானாக மாறிக்கொள்ளும். பல கேமராக்களில் நாம்தான் மாற்ற வேண்டும். மறந்தால் படத்தின் நேரமும் குறிப்பேட்டின் நேரமும் ஒத்துவராது.

புளூபெல் காட்டில் நடக்கும் தவறுகள்தான் மிகவும் வருந்த வைப்பவை, ஏனென்றால் அவற்றுக்கான விலையைச் செடி கொடுக்கிறது. பூக்களுக்கு நடுவே ஆளை நிறுத்திப் படமெடுக்க இரண்டடி உள்ளே போனாலே போதும், அடுத்து வருபவர் அதே தடத்தில் நடப்பார், வார முடிவில் அது பாதையாகிவிடும். மிதிபட்ட இலை எழாது. மரங்கள் இலை விட்டு நிழல் கட்டுவதற்குள் கிடைக்கும் சில வார வெயிலில்தான் அந்த இலை அடுத்த ஆண்டுக்கான உணவைக் கிழங்கில் சேர்க்கிறது. இலை நசுங்கினால் கிழங்கு பட்டினி கிடக்கும், அந்த இடம் மீள ஆண்டுகள் ஆகும். பூ இல்லாத மார்ச்சிலும் இது பொருந்தும். அப்போது தரையில் புல் போலத் தெரிவது புளூபெல் இலைதான்.

உள்ளே போகாமலே அடர்த்தி காட்ட வழி இருக்கிறது. பாதையில் நின்று 100 முதல் 200 மி.மீ. லென்ஸில், கேமராவைப் பூவின் உயரத்துக்கு இறக்குங்கள். இடைவெளிகள் மறைந்து நீலம் ஒரே விரிப்பாகச் சேரும். அகலக்கோண லென்ஸில் நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் பூவைவிட மண்ணும் சருகும்தான் அதிகம் தெரியும்.

நீலம் ஊதாவாக மாறிவிட்டது என்பது எல்லோருக்கும் வரும் குறை. படச்சட்டம் முழுக்கப் பச்சை இருந்தால், நிறங்களைச் சமன் செய்யும் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் அதை ஈடுகட்ட மெஜந்தாவைச் சேர்க்கும், அதில் நீலம் ஊதாவாகச் சாயும். கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பாக எடுங்கள். ஒயிட் பேலன்ஸை 5000 கெல்வின் அருகில் நிலையாக வைத்து, முதல் படத்தில் ஒரு சாம்பல் அட்டையைச் சேர்த்துவிட்டால் பிறகு திருத்துவது எளிது. மெல்லிய மேகமூட்டமே இந்தப் பூவுக்கு நல்ல வெளிச்சம். ஈரமான இலைகளின் வெண்பளபளப்பை லென்ஸில் மாட்டும் போலரைசர் வடிகட்டி நீக்கும். ஆனால் அது ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் ஒளியைத் தின்னும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). காட்டுக்குள் முக்காலியில்லாமல் மாட்டினால் படம் நடுங்கும்.

இன்னொன்று, கிராமத்துச் சாலையோரத்தில் தோட்டங்களிலிருந்து தப்பி வளரும் ஸ்பானிஷ் புளூபெல்லையும் கலப்பினத்தையும் நாட்டுப் புளூபெல் என்று பதிவிடுவது. நாட்டு இனத்தின் தண்டு ஒரு பக்கமாக வளைந்து தொங்கும், மகரந்தம் பாலேடு நிறம், மணம் உண்டு. ஸ்பானிஷ் இனம் நிமிர்ந்து நிற்கும், பூக்கள் சுற்றிலும் இருக்கும், மகரந்தம் நீலம். கலப்பினம் இரண்டுக்கும் நடுவில் எங்காவது இருக்கும்.

வெள்ளைப் பூக்களில் எக்ஸ்போஷர், அதாவது படத்தின் வெளிச்ச அளவு, இரண்டு விதமாகத் தவறும். வெள்ளை மேகப் பின்னணியில் படச்சட்டம் நிறையப் பிளாக்தார்ன் இருந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 வரை ஏற்ற வேண்டும். இருண்ட காட்டுத் தரையில் ஒற்றை அனிமோனி என்றால் கதை தலைகீழ்: இருட்டைப் பார்த்து ஏமாந்து பூவை வெளிற வைத்துவிடும், −2/3 அல்லது −1 வைக்க வேண்டும். திரையை நம்பாமல், வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது விளிம்பைப் பாருங்கள். காற்றில் பூ ஆடினால் ஷட்டர் வேகத்தில் 1/250 நொடிக்குக் கீழே போகாதீர்கள். கேமராவின் ஒளியுணர்வான ஐஎஸ்ஓவை ஏற்றினால் வரும் புள்ளிகளைப் பின்னர் குறைக்கலாம், ஆடிய பூவை ஒன்றும் செய்ய முடியாது.

பிளாக்தார்னும் ஹாதார்னும் குழம்பும். இலை வருமுன் கருங்கிளையில் பூப்பது பிளாக்தார்ன். முதலில் இலை, மே மாதத்தில் பூ என்றால் ஹாதார்ன்.

பறவைகளில் பெயர்ப் பிழை அதிகம் நேர்வது சிஃப்சாஃப், வில்லோ வார்ப்ளர் இரண்டிலும். உருவம் ஏறக்குறைய ஒன்றுதான். ஹாம்ப்ஷயரின் செல்போர்ன் கிராமத்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்கையியலாளர் கில்பர்ட் ஒயிட் இவற்றையும் வுட் வார்ப்ளரையும் மூன்று தனி இனங்கள் என்று பிரித்தறிய உதவியது பாட்டுதான். சிஃப்சாஃப் தன் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லும், மார்ச் நடுவிலேயே கேட்கும். வில்லோ வார்ப்ளர் ஏப்ரலில் வரும், அதன் பாட்டு மேலிருந்து இறங்கி மங்கும். எனவே படம் எடுக்கும்போதே கைபேசியில் குரலையும் பதிந்துகொள்ளுங்கள். தகைவிலான் ஏப்ரலில் வந்து கம்பியில் அமரும். நம் ஊருக்குப் பனிக்காலத்தில் வரும் அதே இனம், ஆனால் இங்கிலாந்துப் பறவைகள் குளிர்காலத்தைக் கழிப்பது தென்னாப்பிரிக்காவில். மே தொடக்கத்தில் வரும் ஸ்விஃப்ட் கம்பியில் அமரவே அமராது. பறக்கும் இவற்றுக்கு 1/2000 நொடி அல்லது அதைவிட வேகம் வேண்டும்.

பறவையை வரவழைக்க அதன் பாட்டை ஒலிபரப்பாதீர்கள். எதிரி வந்துவிட்டதென்று நினைத்து, குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தை அது சண்டைக்குச் செலவிடும். அலகில் புழுவோடு ஒரு பறவை கூட்டுக்குப் போகாமல் கிளை மாறிக் கத்திக்கொண்டிருந்தால் நீங்கள் நிற்கும் இடம் தவறு; உடனே விலகுங்கள். கிளையை விலக்கிக் கூட்டைப் படமெடுத்தால் காகத்துக்கும் மேக்பைக்கும் வழி காட்டியதாகும். மீன்கொத்தி, கூகை போன்ற பட்டியலிட்ட இனங்களைக் கூட்டருகே வேண்டுமென்றே தொந்தரவு செய்வது 1981ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம். புல்லில் தனியாகக் கிடக்கும் முயல் குட்டியைத் தூக்காதீர்கள். தாய் பாலூட்ட வருவது அந்தி சாய்ந்த பிறகுதான்.

ஆரஞ்சு டிப் பட்டாம்பூச்சியை நண்பகலில் துரத்துவதால் பயனில்லை, அது உட்காராது. குளிர்ந்த காலையில் பூண்டுக்கடுகு, கௌ பார்ஸ்லி பூங்கொத்துகளில் இறகு மூடி உறங்கும். இறகின் அடிப்புறப் பச்சை வலை அப்போதுதான் துல்லியமாகக் கிடைக்கும், லென்ஸ் துளையை எஃப் 8 வைத்து சென்சாரை இறகுக்கு இணையாகப் பிடித்தால். பெண்ணுக்கு ஆரஞ்சு முனை கிடையாது என்பதால் சாதாரண வெள்ளைப் பூச்சி என்று விட்டுவிடுவார்கள். அதன் முட்டைகள் பூண்டுக்கடுகிலும் கக்கூ ஃப்ளவரிலும் இருக்கும், எனவே பின்னணியைச் சுத்தம் செய்கிறேன் என்று தண்டுகளைப் பிடுங்காதீர்கள். மறைக்கும் புல்லை ஒரு கிளிப்பால் ஒதுக்கி, எடுத்ததும் விட்டுவிடலாம்.

கன்றோடு நிற்கும் பசுக்களுக்கு நடுவே போகக் கூடாது, சுற்றிப் போங்கள். வேலிக் கதவை எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள். புல்லில் படுத்து எடுத்தவர்கள் வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குளில் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லைம் நோய் அதன் வழியாக வரும். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக இழுக்க வேண்டும்.

அரிய ஆர்கிட் பூவையோ ஆந்தை இருக்கும் கொட்டகையையோ பதிவேற்றும் முன் படத்திலுள்ள ஜிபிஎஸ் விவரத்தை நீக்குங்கள். தலைப்பில் மாவட்டத்தின் பெயர் போதும். பின்னணியில் தேவாலயக் கோபுரமோ பண்ணையின் பெயர்ப்பலகையோ தெரிகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்து, தெரிந்தால் வெட்டிவிடுங்கள்.