பழைய கன்ட்ரி பாட்டை கூட்டாளிங்களோட சேர்ந்து கேக்குறது எப்படி

எங்க ஊரு பாம்பன். அப்பா காலத்துல ராத்திரி ரேடியோ போட்டா மெட்ராஸ் கரகரன்னு இருக்கும், சிலோன் மட்டும் பக்கத்து வீட்டுல பேசுற மாதிரி கேக்குமாம், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல 30 கிலோமீட்டர் கிட்டத்தான கடல். அப்பா ஒருநாள் முள்ளைத் திருப்பும்போது இங்கிலீஷ் சேவைல அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ் குரல் மாட்டியிருக்கு. இங்கிலீஷ் பாதிதான் புரியும், ஆனா அந்தக் குரல் புரிஞ்சுச்சுன்னு சொல்லுவாரு. எங்க வீட்டுக்குள்ள கன்ட்ரி பாட்டு வந்த கதை இவ்வளவுதான். இப்ப நாங்க நாலு பேர் இருக்கோம், மண்டபத்துல ஒரு அண்ணன், கீழக்கரைல ஒரு காக்கா (அங்க அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க), தொண்டில ஒரு வாத்தியார், நான். மாசத்துக்கு ஒரு தடவை ஒண்ணா உக்காந்து கேப்போம். நிறைய பேர் எங்கிட்ட "எனக்குப் புடிச்ச பாட்டை அனுப்புறேன், ஒருத்தரும் கேக்க மாட்றாங்க"ன்னு வருத்தப்படுறாங்க, அதான் நாங்க எப்படிப் பண்றோம்னு எழுதுறேன்.

மொத விஷயம், மொத்தமா குடுக்காதீங்க. நான் எங்க மச்சானுக்கு ஒரு பென் டிரைவ்ல நானூறு பாட்டு போட்டுக் குடுத்தேன், ஆசையாத்தான் குடுத்தேன், ஆறு மாசம் கழிச்சுக் கேட்டா ஒண்ணு கூட கேக்கல. அதுக்கப்புறம் ஒரே ஒரு பாட்டு அனுப்புனேன், அதைப் பத்தி ரெண்டு நிமிஷம் வாய்ஸ் மெசேஜ் போட்டேன், அன்னைக்கு ராத்திரியே திருப்பிக் கூப்பிட்டாரு. ஒரு தடவைக்கு ஒரு பாட்டு, பாட்டோட ஒரு கதை. கதை முன்னாடி போகணும், பாட்டு பின்னாடி வரணும்.

கதைக்குப் பஞ்சமே இல்ல இதுல. உதாரணத்துக்கு பேட்ஸி க்லைன்ங்கிற பாடகி பாடுன க்ரேஸி பாட்டு. எழுதுனது வில்லி நெல்சன், அப்ப அவரு பேரு வெளிய அவ்வளவா தெரியாது. 1961ல ரெக்கார்டிங் பண்ணப் போனப்ப அந்தம்மா கார் ஆக்சிடென்ட்ல அடிபட்டு எந்திரிச்சு வந்த நேரம், விலா எலும்பு வலில மேல் ஸ்வரம் எட்டல, அதனால வாத்தியக்காரங்க வாசிச்சதை மட்டும் மொதல்ல பதிவு பண்ணி வச்சுட்டு, அவங்க கொஞ்ச நாள் கழிச்சு வந்து பாடிக் குடுத்தாங்க. இதைச் சொல்லிட்டு பாட்டைப் போடுங்க, கேக்குறவங்க அந்த மேல் ஸ்வரம் வர்ற இடத்துல மூச்சைப் புடிச்சுக்கிட்டு காத்திருப்பாங்க. 1963 மார்ச்ல விமான விபத்துல போயிட்டாங்க, 30 வயசு. இதை பாட்டு முடிஞ்சப்புறம் சொல்லுங்க, முன்னாடி சொன்னா பாட்டு அழுகையோடயே ஆரம்பிச்சுடும்.

கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்னா என்னன்னு யாராவது கேப்பாங்க, சுருக்கமா சொல்லிட்டு நகந்துடுங்க. கன்ட்ரிங்கிறது அமெரிக்காவுல அப்பலாச்சியன் மலைப்பக்கம் இருந்து வந்தது, ஃபிடில்ங்கிற வயலின், பேஞ்சோங்கிற கம்பி வாத்தியம், கிட்டார். 1927ல டென்னஸி ஓரத்துல பிரிஸ்டல்ங்கிற ஊர்ல ரால்ஃப் பியர்னு ஒருத்தர் பதிவு பண்ற மெஷினோட வந்து உக்காந்தப்ப கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராஜர்ஸும் மொதமொதல்ல பாடிப் பதிவானது அங்கதான். வெஸ்டர்ன்ங்கிறது டெக்ஸாஸ் பக்கம், மாடு மேய்க்கிற கவ்பாய் பாட்டு, பாப் வில்ஸ் மாதிரி ஆளுங்க ஆட வைக்கிற ஸ்விங். கேக்குற ஆளுக்கு இவ்வளவு போதும்.

முக்கியமான வேலை இனிமேத்தான். யாருக்கு எந்தப் பாட்டுன்னு பாத்துக் குடுக்கணும், நாங்க ரொம்ப நேரம் பேசுறது இதைப் பத்தித்தான். ரயில்ல வேலை பாத்தவங்களுக்கு ஜிம்மி ராஜர்ஸ் குடுங்க, மனுஷன் நெஜமாவே ரயில்ல பிரேக் போடுற பிரேக்மேனா இருந்தவரு. டிபி வந்து அந்த வேலையை விட்டவரு, 1933 மே மாசம் நியூயார்க்ல கடைசியாப் பாடுனப்ப ஒவ்வொரு பாட்டுக்கு நடுவுலயும் கட்டில்ல படுத்து எந்திரிச்சுப் பாடுனாரு, அடுத்த ரெண்டு நாள்ல செத்துப்போனாரு. எங்க ஊர்ல போட் மெயில் ரயில் தனுஷ்கோடி வரைக்கும் போனதைப் பாத்த தாத்தாங்க இன்னும் இருக்காங்க, அவங்ககிட்ட இந்தக் கதையைச் சொல்லி பாட்டைப் போட்டா பாஷையே வேண்டாம். குரல் ஒடைஞ்சு மேல ஏறுற அந்த யோடலைக் கேட்டு சின்னப் பசங்க சிரிப்பாங்க, சிரிக்கட்டும், அடுத்த நாள் அவங்களே அதைப் பாடிக்கிட்டுத் திரிவாங்க.

ஒப்பாரி கேட்டு வளந்த பாட்டிங்களுக்கு ஹேங்க் வில்லியம்ஸ். 1949ல அவரு பாடுன ஐம் ஸோ லோன்ஸம் ஐ குட் க்ரைங்கிற அந்த தனிமைப் பாட்டை எங்க அப்பத்தாவுக்கு வரி வரியா தமிழ்ல சொன்னேன், பறவை அழுகுது, ராத்திரி ரயில் முனகுதுன்னு. "யாரு பெத்த புள்ளைடா இது"ன்னு கேட்டுச்சு. 29 வயசுல, 1953 ஜனவரி ஒண்ணாந்தேதி, கச்சேரிக்குப் போற வழில கார் பின்சீட்டுலயே உசுரு போயிடுச்சுன்னு சொன்னதும் முந்தானைல கண்ணைத் தொடச்சுக்கிச்சு. வரியைச் சொல்றப்ப முழுசா மொழிபெயர்க்க வேண்டாம், ரெண்டு வரி போதும், மிச்சத்தை ஸ்டீல் கிட்டார் சொல்லிடும்.

கதை கேக்கப் புடிச்சவங்களுக்கு மார்ட்டி ராபின்ஸ் 1959ல பாடுன எல் பாஸோ, நாலரை நிமிஷத்துல காதல், கொலை, ஓட்டம், திரும்பி வந்து சாகுறதுன்னு ஒரு முழுப் படமே ஓடும். பொம்பளைப் புள்ளைங்களுக்கு லொரெட்டா லின், டாலி பார்ட்டன். லொரெட்டா லின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி மகள்னு தன்னையே பாட்டா எழுதிப் பாடுனாங்க, 1970ல வந்துச்சு, எங்க தெருவுல கடலுக்குப் போறவர் மக ஒருத்தி அதைக் கேட்டுட்டு "இது என் கதைண்ணே"ன்னா.

ஒண்ணு மட்டும் கவனம். ஜானி கேஷ் 1968 ஜனவரில ஃபோல்ஸம் ஜெயிலுக்குள்ளயே போய் கைதிங்க முன்னாடி பாடுன ரெக்கார்டு எனக்கு உசுரு. அதை ஒரு மாமா முன்னாடி போட்டேன், அவரு எல்லை தாண்டிட்டாருன்னு புடிபட்டு அந்தக் கரை ஜெயில்ல இருந்துட்டு வந்தவரு. பாதிப் பாட்டுல எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. கேட்டுட்டுப் போட்டிருக்கணும், என் தப்பு. ரெண்டு மாசம் கழிச்சு அவராவே வந்து "அந்த ஜெயில் பாட்டைப் போடுறா"ன்னாரு, அன்னைக்கு முழுசாக் கேட்டாரு. மெர்ல் ஹாகார்ட் சான் குவென்டின் ஜெயில்ல கைதியா இருந்தப்ப கேஷ் அங்க வந்து பாடுனதைக் கேட்டவரு, பின்னால அவரே பெரிய பாடகர் ஆனாருன்னு சொன்னேன், ஒண்ணும் பேசாம ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. ஒருத்தரோட வலியைத் தொடுற பாட்டுன்னா மொதல்ல அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.

அப்புறம் எந்தப் பதிப்புன்னு பாருங்க. பழைய பாடகர்கள் நிறைய பேர் ஹிட் பாட்டை பின்னால வேற கம்பெனிக்கு மறுபடி பாடியிருக்காங்க, தேடுனா அதுவும் கலந்து வரும். கேஷோட ஐ வாக் த லைன் 1956ல சன் ரெக்கார்டு கம்பெனில வந்தது ஒண்ணு, 1964ல கொலம்பியாவுக்கு மறுபடி பாடுனது ஒண்ணு. மொத பதிவுல ட்ரம்மே கிடையாது, கிட்டார் கம்பிக்கு நடுவுல பேப்பரைச் சொருகி அந்தச் சத்தத்தை வரவச்சாரு, அதைக் கேக்கலன்னா அந்தப் பாட்டைக் கேட்டதாவே நான் ஒத்துக்க மாட்டேன். அனுப்பும்போது பாடகர் பேர், பாட்டு பேர், வருஷம் மூணையும் எழுதி அனுப்புங்க. லிங்க்கா அனுப்புறதுதான் நல்லது, நல்ல பதிவைத் தேடிப் புடிச்சு அனுப்பலாம்.

வீட்டுல பழைய கேசட் இருக்குறவங்க அதைக் காப்பாத்துங்க. நம்ம கடக்கரைல உப்புக் காத்தும் ஈரமும் நாடாவைத் தின்னுடும், பூஞ்சை புடிக்கும். வெள்ளையாப் படிஞ்சிருந்தா அப்படியே ஓட்டாதீங்க, பிளேயரும் கெட்டு மத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கும், அதை தனியா எடுத்து வச்சுட்டு தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. நல்லா இருக்குறதை மொதல்ல ஒரு தடவை முழுசா முன்னாடியும் பின்னாடியும் ஓட விட்டு இறுக்கத்தை எளக்கிடுங்க. பிளேயர் ஹெட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால தொடச்சு காய விடுங்க. அப்புறம் பிளேயர்ல ஹெட்ஃபோன் ஓட்டைல இருந்து கம்ப்யூட்டர் லைன் இன்னுக்கு ஒரு வயரு, ஆடாசிட்டி சாஃப்ட்வேர் இலவசம்தான், சத்தம் மைனஸ் 6 டெசிபல் தாண்டாம வச்சு பதிவு பண்ணுங்க. மொதல்ல தரம் குறையாத வேவ் இல்லன்னா ஃப்ளாக் ஃபைலா சேமிங்க, எம்பி த்ரீ அதுல இருந்து தனியா எடுத்துக்கலாம். இரைச்சலை ரொம்ப நீக்காதீங்க, குரலோட மூச்சும் சேந்து போயிடும். கீழக்கரை காக்கா இப்படித்தான் அவங்க வாப்பா கொழும்புல இருந்து கொண்டுவந்த ஜிம் ரீவ்ஸ் கேசட்டை மீட்டாரு, நடு நடுவுல வாப்பா இருமுறதும் அதுல இருக்கு, எப்பவோ ரேடியோ முன்னாடி வச்சுப் பதிஞ்சது, அந்த இருமலை அவரு அழிக்கவே இல்ல.

கூடி உக்காரணும்னா எங்களுக்குத் தோதான நேரம் தடைக்காலம், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, எல்லாரும் கரைல இருப்பாங்க. கச்சான் காத்து, அதான் தென்மேற்குக் காத்து, அடிக்கிற சமயத்துல தென்கடல் பக்கம் உக்காந்தா ஸ்பீக்கர்ல காத்து இரைச்சல் மட்டும்தான் கேக்கும், வடகடல் பக்கம் வத்தைப் படகு மறைவுல உக்காருங்க. சின்ன ஸ்பீக்கர் போதும், தரைல வைக்காம ஒரு ஐஸ் பெட்டி மேல வைங்க, மணல் சத்தத்தை உறிஞ்சிடும். சத்தம் கம்மியா இருக்கணும், குறிப்பா ஜிம் ரீவ்ஸுக்கு, அவரு மைக்குக்கு ஒட்டி நின்னு மெதுவாப் பாடுறவரு, சத்தமா வச்சா அந்தக் கிட்டக்க இருக்குற சுகம் போயிடும்.

ஆளுக்கு ரெண்டு பாட்டு, அதுக்கு மேல கிடையாது. பாட்டு ஓடும்போது பேசக்கூடாது. அடுத்தவங்க கொண்டுவந்த பாட்டு உங்களுக்குப் புடிக்கலன்னாலும் முழுசாக் கேளுங்க, தொண்டி வாத்தியார் கென்னி ராஜர்ஸ் போட்டப்ப இது ரொம்ப பாலிஷா இருக்குன்னு நான் முகம் சுளிச்சேன், அவரு லூஸில் பாட்டுல வர்ற அந்த நாலு புள்ளைங்களையும் அறுவடைக் காலத்தையும் எடுத்துச் சொன்னப்புறம் இப்ப நானே கேட்டு வாங்கிப் போடுறேன். ஒரு நோட்டுல தேதி, பாட்டு, யாரு கொண்டுவந்தாங்கன்னு எழுதி வைங்க, வராம போனவங்களுக்கு மறுநாள் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பிடுங்க.