நவீன ஆர்கேட் கேமை வீட்டு பிசியில் ஓட்டுவது எப்படி? வட்டிலிருந்து திரை வரை

ஆர்கேட் (காசு போட்டு ஆடும் கேம் பெட்டி) என்றதும் எல்லோரும் மேம் எமுலேட்டரைத்தான், அதாவது பழைய வன்பொருளைப் போலவே நடிக்கும் மென்பொருளைத்தான், தேடுகிறார்கள். பழைய போர்டுகளுக்கு (பெட்டிக்குள் கேமை ஓட்டும் பலகைகளுக்கு) அது சரி. ஆனால் 2004-ல் வந்த டைட்டோ டைப் எக்ஸ் என்ற ஆர்கேட் போர்டைத் திறந்தால் உள்ளே இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி எம்பெடட் ஓடும் ஒரு பிசி. 2005-ல் வந்த செகா லிண்ட்பெர்க்கில் பென்டியம் 4, ஜிஃபோர்ஸ் 6800, மேலே லினக்ஸ். பிசியில் ஓடிய கேமுக்கு எமுலேட்டர் எதற்கு? லோடர் போதும். பூட்டு டாங்கிளையும் (கேம் அசலா என்று சரிபார்க்கச் செருகும் சிறு சாவிக் கருவி) பட்டன் போர்டையும் கேம் தேடும்போது, 'இருக்கிறேன்' என்று பதில் சொல்வதுதான் லோடரின் வேலை.

முதலில் வட்டு

உங்களிடம் உள்ள போர்டின் ஹார்ட் டிஸ்க்கை விண்டோஸில் செருகாதீர்கள். ஃபைல் சிஸ்டம் புரியவில்லை என்றால் 'ஃபார்மேட் செய்யவா?' என்று ஒரு கேள்வி திரையில் வரும். கை தவறி 'சரி' அமுக்கினால் கதை முடிந்தது. சிஸ்டம்ரெஸ்க்யூ போன்ற லைவ் லினக்ஸில் (நிறுவாமல் யுஎஸ்பியிலிருந்தே ஓடும் லினக்ஸ்) பூட் செய்து, வட்டை மவுண்ட் செய்யாமலே, அதாவது ஃபைல்களைத் திறக்காமலே, ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் முழு இமேஜ் (வட்டின் அச்சு நகல்) எடுங்கள். சாதாரண டிடி நகல் கட்டளை வேண்டாம். கெட்ட செக்டார் வந்தால் அங்கேயே நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ அதைத் தாண்டிப் போய் நல்லதை முதலில் எடுத்துவிட்டு, பிறகு திரும்பி வரும். மேப் ஃபைல் (எதுவரை படித்தது என்ற குறிப்பு) கொடுக்க மறக்காதீர்கள், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எடுத்த இமேஜுக்கு எஸ்ஹெச்ஏ-256 (நகல் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) குறித்துவைத்து, இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். சில போர்டுகளின் வட்டில் ஏடிஏ பாஸ்வேர்டு பூட்டு (வட்டுக்குள்ளேயே போடப்பட்ட பூட்டு) இருக்கும். அப்போது ஒரு செக்டார்கூடப் படிக்க முடியாது. வட்டு செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

லோடர்

என் தேர்வு டெக்னோபேரட். இமேஜிலிருந்து எடுத்த கேமைச் சேர்த்து, இயங்கு ஃபைலைக் காட்டி, பட்டன்களை ஒதுக்கினால் வேலை முடிந்தது. விஷுவல் சி++ ரன்டைம்களும் டைரக்ட்எக்ஸ் 2010 ஜூன் தொகுப்பும் (கேம் ஓடத் தேவையான மைக்ரோசாஃப்ட் துணை மென்பொருள்கள்) பிசியில் இருப்பது கட்டாயம். ஃபோல்டர் பாதையில் ஆங்கில எழுத்து மட்டும் இருக்கட்டும். தமிழில் பெயர் வைத்தால் பல கேம்கள் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும்.

வேகம்

என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது இதுதான். கேம் திறக்கிறது, சத்தம் வருகிறது, ஆனால் எல்லாம் பேய் வேகத்தில் ஓடுகிறது. பிசி கெட்டுப்போகவில்லை. இந்த கேம்களில் பல, ஒரு ஃப்ரேம் வரைந்தால் ஒரு அடி நகர் என்று எழுதப்பட்டவை. பெட்டியின் திரை 60 ஹெர்ட்ஸ் என்பது அவற்றின் கணக்கு. உங்கள் மானிட்டர் 144 என்றால் 2.4 மடங்கு வேகம். ஃப்ரேமை எண்ணி ஓடும் 60 விநாடி டைமர் 25 விநாடியில் காலி.

முதலில் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60-க்கு மாற்றுங்கள். 59.94 என்று காட்டினாலும் பாதகமில்லை. விண்டோ மோடில் ஆடுபவர்களுக்கு அது மட்டும் போதாது. ரிவாட்யூனர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சர்வர் என்ற மென்பொருளில் அந்த கேமுக்கு மட்டும் 60 ஃப்ரேம் வரம்பு போடுங்கள். கிராஃபிக்ஸ் டிரைவரிலும் வரம்பு உண்டுதான், எனக்கு இதுதான் கைக்கு வாகு.

டெஸ்ட் மெனு

பெட்டியின் அமைப்புகளை மாற்றும் மெனு இது. டெஸ்ட் பட்டனுக்கு ஒரு கீ ஒதுக்கி உள்ளே போங்கள். ஃப்ரீ பிளே போட்டால் காசு கேட்காது. ரேஸிங் கேம் என்றால் ஸ்டியரிங், பெடல் அளவுகளை அங்கே பதிய வேண்டும், இல்லையேல் கார் ஒரு பக்கமாகவே இழுக்கும்.

பின்சேர்க்கை 1: 'நெட்வொர்க் சோதனையில் நிற்கிறது' என்று பலர் கேட்டார்கள். கேம் பக்கத்து ஆர்கேட் பெட்டியைத் தேடுகிறது. டெஸ்ட் மெனுவில் லிங்க்கை அணைத்து, தனிப் பெட்டி என்று வையுங்கள்.

பின்சேர்க்கை 2: பெட்டியின் பட்டன் பலகையை இணைக்கும் ஜேவிஎஸ் கேபிள் பார்க்க யுஎஸ்பி மாதிரியே இருக்கும். உள்ளே ஓடுவது ஆர்எஸ்-485 என்ற வேறு வகை சிக்னல். அதை நேராக பிசியில் செருகாதீர்கள். அசல் பட்டன் பலகையை இணைக்க அதற்கான மாற்றி வேண்டும்.